பின்சீட்டு வழக்கு

முத்தனம்பட்டி
ஆடி 22, வியாழக்கிழமை

பேத்தி இளவேனிலுக்கு அப்பத்தா சிவனம்மாள் எழுதுவது.

உன்னோடு பேச மாட்டேன் என்று ஆடிப் பதினெட்டு அன்று பந்தியில் வைத்துச் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன். நீ போன் போடாதே. போட்டால் உன் சித்தப்பன் காமராஜ் அதைக் கொண்டுவந்து என் காதில் வைப்பான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவனுக்குத்தான் கை வலிக்கும்.

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. நீ வலது கையால் இரண்டாம் தடவை சோறு வாங்கினாய். இடது கையில் போன். அதில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். முன்னால் மூக்கு நீண்டு, பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு, குளவி மாதிரி. வேடசந்தூர் மில்லுக்குப் போய்வர அதைத்தான் வாங்கப் போகிறேன் என்றாய். வேண்டாம் என்று நான் சொன்னேனா? இல்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டேனா? அதையும் உன் சித்தப்பன்தான் கேட்டான். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"இதுல நான் எங்கடி உக்கார்றது?"

நீ படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். உள்ளங்கை அகலத்தில் ஒரு மேடு. "இது ஒன்னய மாதிரி ஆளுக உக்கார்ற வண்டி இல்ல அப்பத்தா. நீ பஸ்ஸுல வா" என்றாய். பந்தியே சிரித்தது. உன் சித்தப்பனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ உன் அம்மாவின் ஸ்கூட்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போவாய். சர்க்கரை மாத்திரை வாங்குவோம், கோயிலுக்குப் போவோம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நீ வீட்டில் யாருக்கும் தெரியாமல் எனக்கு இனிப்பு வாங்கித் தருவாய். ஐந்து வருடமாக அப்படித்தான். உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நான் ஊர் உலகத்தைப் பேசுவேன். வீட்டில் என் பேச்சைக் கேட்பவர் யார்?

நம் வீட்டில் புது வண்டி வந்தால் முதலில் ஏறுவது வீட்டின் பெரிய பொம்பிளை. ஏறிக் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் மற்றவர்கள். அது முறை. அந்தச் சிவப்பு வண்டி வந்தால் அந்த முறையும் போச்சு, என் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. இதற்கு முன் ஒரு தடவை இந்த வீட்டில் அந்த முறை தவறியது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உன் அப்பனைக் கேள்.

சிவனம்மாள்


திண்டுக்கல்
12.8.2025

அன்புள்ள அப்பத்தா,

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் உடனே கொடுக்கவில்லை, முதலில் தூக்கிக் காட்டினார். "கையெழுத்துல இன்லேண்டு லெட்டர் பாத்து எத்தன வருசமாச்சும்மா" என்றார். நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். "ஆருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சொன்னது தப்புதான். எல்லாரும் சிரித்ததும் எனக்கே சுருக்கென்று இருந்தது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நீ அதற்குள் இலையை மடித்துவிட்டாய். அதுவும் உன் பக்கம் மடிக்காமல், சாவு வீட்டுப் பந்திபோல எதிர்ப்பக்கம் மடித்தாய். அதைப் பார்த்ததும் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

ஆனால் வண்டி எனக்கு வேண்டும் அப்பத்தா. ஸ்கூட்டியை அம்மா தையல் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்கு லேப்பில் நூல் சோதனை முடிய ஐந்தரை ஆகும். மில் பஸ் ஐந்துக்கே போய்விடும். அடுத்த பஸ் ஏழு மணிக்கு. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் தினமும் ஒன்றரை மணி நேரம். இரண்டு வருடத்தில் அந்த பெஞ்சின் எந்தக் கால் ஆடும் என்றுகூடத் தெரிந்துவிட்டது.

வாங்குவதுதான் வாங்குகிறோம், ஆசைப்பட்டதை வாங்கக்கூடாதா? நூற்றைம்பது சிசிதான். பெரிய ரேஸ் வண்டி இல்லை. பார்க்கத்தான் அப்படி இருக்கும். எல்லாரும் எனக்கு ஒரு ஸ்கூட்டியைக் காட்டி, "புள்ளைகளுக்கு இது போதும்" என்கிறார்கள். "போதும்" என்று சொல்லிச் சொல்லியேதான் எனக்கு எல்லாமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவைக் கேட்டேன். "எங்கம்மா ஒங்க தாத்தா வண்டியில கடைசிவரைக்கும் ஏறல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என்ன நடந்தது? நீயே எழுது. ஆவணி பிறக்கும்வரை எப்படியும் வண்டி வாங்கப் போவதில்லை. நிதானமாகவே எழுது.

இளவேனில்


முத்தனம்பட்டி
ஆடி 31, சனிக்கிழமை

இளவேனிலுக்கு,

மன்னிப்புக் கேட்டதைப் படித்தேன். எடுத்து வைத்திருக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் தாத்தா சடையாண்டிக்கு வேடசந்தூரில் வேறொரு மில்லில் பிட்டர் வேலை. தினமும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்வந்தார். எண்பத்தொன்பதில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றார். டி.வி.எஸ். ஐம்பது வாங்குங்கள் என்றேன். பின்னால் நானும் உட்காரலாம், முன்னால் இரண்டு கூடை கத்திரிக்காயும் வைக்கலாம். அவர் கேட்கவில்லை. நாற்பது வயதில், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், காலேஜ் பையன்கள் ஓட்டுகிற அந்த ஆர்.எக்ஸ். வண்டிக்கு எழுதி வைத்துவிட்டு வந்தார். மில்லில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வண்டி வருகிற நாள் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் நான் தலைக்கு ஊற்றி, கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குச் சேலையைக் கட்டி, தட்டில் எலுமிச்சம்பழம், சூடம், சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "என்ன சிவனம்மா, மறுபடியும் கல்யாணமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பின்னால், ஆயக்குடியில் கட்டிக்கொடுத்த அவர் தங்கச்சி பேச்சாயி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு மாலை போட்டிருந்தது. அவள் நெற்றியிலும் குங்குமம், வண்டி நெற்றியிலும் குங்குமம். திண்டுக்கல் கோயிலில் பூசை முடித்தே வந்துவிட்டார்கள். என் தட்டிலிருந்த குங்குமத்துக்கு அங்கே வேலை இல்லை.

"ஆயக்குடி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஏத்திக்கிட்டு வந்தேன். இதுல என்ன இருக்கு?" என்றார்.

பேச்சாயி சிரித்தாள். "மதினி, சேல நல்லாருக்கு, எங்கயும் வெளிய கெளம்பிட்டீகளா?"

நான் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். சேலையை மாற்றினேன். மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். ஏறவில்லை. அது பதினொரு வருடம் இந்த வீட்டில் நின்றது.

பேச்சாயி இன்னும் ஆயக்குடியில் இருக்கிறாள். போன வாரம்கூடக் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டிருந்தாள். தின்றேன். பழம் நன்றாகத்தான் இருந்தது. அவளை விட்டுவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

நாளைக்கு ஆவணி பிறக்கிறது. இனி உன் இஷ்டம்.

சிவனம்மாள்


திண்டுக்கல்
25.8.2025, திங்கள்

அப்பத்தா,

அந்த அரக்குச் சேலையை நான் பார்த்ததே இல்லை. இருக்கிறதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம், தாத்தா வண்டியை யார் ரிப்பேர் பார்த்தது என்று கேட்டேன். பேகம்பூரில் இஷாக் பாய் என்றார். இன்னும் கடை வைத்திருக்கிறார். தாடி முழுக்க வெள்ளை. இப்போது மகன்தான் வேலை பார்க்கிறார். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சடையாண்டியின் பேத்தி என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

சிவப்பு வண்டியைப் பற்றிச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோரூமில் ஓட்டச் சொன்னார்கள், சூப்பராக இருந்தது என்றேன்.

"ஞாயித்துக்கெழம காலைல கழுதகூட சூப்பராத்தான் ஓடும் பாப்பா. திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு நாகல் நகர் பாலத்துல ஏத்தி எறக்கிட்டு வந்து சொல்லு."

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டு அதைத்தான் செய்தேன். ஷோரூம் பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். கரூர் ரோட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல். இருபது நிமிடம் கிளட்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகர்ந்தேன். ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்குகிறது. இஞ்சின் சூடு தொடையில் அடிக்கிறது. பின்னால் உட்கார்ந்த பையன் பிரேக் போடும்போதெல்லாம் என் முதுகில் வந்து மோதி, ஒவ்வொரு தடவையும் "சாரி மேடம், சாரி மேடம்" என்றான். இறங்கும்போது அவனுக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பாயிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். அதே இஞ்சினில் மூக்கு இல்லாத வண்டி ஒன்று வருகிறது, ஹேண்டில் உயரம், சீட்டு ஒரே துண்டு, அதையும் பார் என்றார். எனக்கு மனசு வரவில்லை. சிவப்பு சிவப்புதான்.

கிளம்பும்போது பாய் ஒன்று கேட்டார். அதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். "ஒங்க தாத்தா கெட்டிக்காரப் பிட்டரு. மெஷினு நேக்கு தெரிஞ்ச மனுசன். ஆனா அவரு வண்டிக்கு மட்டும் வருசம் தவறாம கிளட்சு பிளேட்டு கருகிப் போயிரும். அரைக் கிளட்சுலயே ஓட்டுற வண்டிதான் அப்பிடி ஆகும். ஏண்ணே இப்பிடின்னு கேட்டா, 'இருக்கட்டும்டா, மாத்து'ம்பாரு. பதினோரு வருசமும் அந்த ஒரு பதிலுதான்" என்றார்.

ஏன் அப்பத்தா? தாத்தா எங்கே அப்படி மெதுவாக ஓட்டினார்?

இளவேனில்


முத்தனம்பட்டி
ஆவணி 14, சனிக்கிழமை

இளவேனிலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். காமராஜ் பெண்டாட்டி, "அத்தைக்கு என்ன, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டாள்.

இஷாக் பாய்க்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஆனால் கிளட்சு கருகியது எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை.

அப்போது நான் தோட்டத்துக் கத்திரிக்காயையும் அவரையையும் கூடையில் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போவேன். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவேன். ரோட்டு விலக்கில் இறங்கினால் ஊருக்கு இரண்டு மைல். அவருக்கு முதல் ஷிப்டு என்றால் எனக்கு முன்னால் வந்து விலக்கில் நிற்பார். நான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். அவரைப் பார்க்காததுபோல் நடப்பேன். அவர் வண்டியை எடுத்து, என் பக்கத்திலேயே, என் நடைக்குத் தக்கபடி ஓட்டிக்கொண்டு வருவார். அந்த வண்டிக்கு நடக்கத் தெரியாது. உறுமும், திமிறும், நின்றுவிடும். மறுபடி மிதித்துக் கிளப்புவார். இரண்டு மைலும் அப்படித்தான்.

முதல் வருடம், "ஏறு" என்பார். நான் ஏற மாட்டேன். "கூடையயாச்சும் குடு" என்பார். கொடுக்க மாட்டேன். காடு கரையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருத்தி கத்துவாள், "அண்ணே, அந்த வண்டிய மாட்டுல பூட்டிருங்க, இன்னும் வெரசாப் போகும்!" அவர் அதற்கும் சிரிப்பார்.

இரண்டாம் வருடம் ஏறு என்பதை விட்டுவிட்டார். மில்லில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார். எந்த மெஷின் நின்றது, எந்தச் சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், கேன்டீனில் என்ன குழம்பு. வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொல்லுவார். பதில் நான் சொன்னதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டேதான் நடந்தேன். வீட்டுக்குள் வந்தால் அவ்வளவு பேச மாட்டார். உன் தாத்தா வாய் நிறையப் பேசியது அந்த இரண்டு மைலில்தான்.

மூன்றாம் வருடம் கூடையைக் கொடுத்தேன். டேங்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டினார். அதற்கு மேல் நான் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. நான் முக்காடு போட்டு நடக்கிறேன். அவர் நனைந்துகொண்டு பக்கத்தில் வருகிறார். "சொன்னாக் கேளுடி, சளி பிடிச்சுக்கிரும்" என்றார். நான் நின்றேன். அன்றைக்கு அவர் மட்டும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்திருந்தால், மறுநாள் நானாகவே ஏறியிருப்பேன். சத்தியமாக ஏறியிருப்பேன். அவர் இறங்கவில்லை. நான் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் சளி பிடித்தது.

இரண்டாயிரத்தில் அந்த மில்லை மூடினார்கள். வண்டியையும் விற்றார். வாங்கிக்கொண்டு போனவன் தெரு முனையில் கியரை மாற்றி ஒரே சீறாகச் சீறிக்கொண்டு போனான். அந்த வண்டி அவ்வளவு வேகம் போகும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அவர் செத்துப் பதினேழு வருடமாகிறது. அவர் கருமாதியில்கூடப் பேச்சாயியோடு நான் பேசியதில்லை. அந்த அரக்குச் சேலை இருக்கிறது. பெட்டியில் மடிப்பு மடிப்பாக இற்றுப்போய்விட்டது. பிரித்தால் கிழியும்.

இதையெல்லாம் உன் அப்பனிடம் காட்டாதே.

சிவனம்மாள்


திண்டுக்கல்
4.9.2025

அப்பத்தா,

பஸ்ஸில் வைத்துப் படித்தேன். மில் பஸ்ஸில் அழுதால் ஐம்பது பேர் காரணம் கேட்பார்கள். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்றேன். நூல் மில்லில் அதை நம்புவார்கள்.

நான் முடிவு செய்துவிட்டேன். நேற்றுச் சாதா வண்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நூற்று இருபத்தைந்து சிசி. நீளமான சீட்டு. பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. நீ ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு வசதியாக உட்காரலாம். கறுப்புக் கலர். ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிற வண்டிதான். நல்ல மைலேஜ்.

வரும்போது நீதான் முதலில் ஏறுகிறாய். கோயிலுக்கு நீயும் நானும் மட்டும். தாத்தா செய்த தப்பை நான் செய்ய மாட்டேன்.

இப்போதாவது பேசுவாயா?

இளவேனில்


முத்தனம்பட்டி
ஆவணி 23, திங்கட்கிழமை

அடியே இளவேனில்,

உனக்குப் புத்தி எங்கே போச்சு? அந்த வண்டியை உடனே வேண்டாம் என்று சொல்.

நீ எழுதியதில் அந்தக் கறுப்பு வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது உண்டா? சீட்டு நீளம், கம்பி இருக்கிறது, மைலேஜ். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியமில்லாத பெண், "நல்ல குடும்பம்" என்று சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். சிவப்பு வண்டியைப் பற்றி எழுதியபோது கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினாய். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பும், அப்புறம் அறிவொளி வகுப்பில் படித்ததும்தான். அது போதும், இந்த வித்தியாசம் தெரிய.

நான் மாதத்தில் ஒரு நாள் உட்காருவேன். நீ மற்ற நாளெல்லாம் அதில் போய்வர வேண்டும். முதல் மாதம் என்னை நினைத்து ஓட்டுவாய். ஆறாம் மாதம் பக்கத்தில் ஒரு சிவப்பு வண்டி தாண்டிப் போகும்போது, "இந்தக் கெழவியாலதான்" என்று தோன்றும். வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். உள்ளே வைத்துக்கொள்வாய். என் ரத்தம்தானே உனக்கு ஓடுவது. உள்ளே வைத்துக்கொண்டால் அது எத்தனை வருடம் கெடாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மேல் உனக்கு அப்படி ஒன்று வேண்டாம். இத்தனை வயதுக்கு மேல் அதை என்னால் தாங்க முடியாது.

இந்த முறையை யார் போட்டது என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். என் மாமியார் கண்ணம்மாள். ஆம்பிளைகள் வண்டியைக் கட்டிக்கொண்டு சந்தை, திருவிழா என்று போய்விடுவார்கள். பொம்பிளைகள் வீட்டிலேயே கிடப்பார்கள். அதனால் அந்தக் கிழவி ஒரு நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகாம இந்த வண்டி எந்தச் சந்தைக்கும் போகாது" என்றாளாம். அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குப் போட்ட சட்டம் அது. அதை வைத்துக்கொண்டுதான் நான் பதினொரு வருடம் ரோட்டில் நடந்தேன். அவள் உயிரோடு இருந்திருந்தால் என் மண்டையில் குட்டியிருப்பாள்.

ஆகையால் இப்போது இந்த வீட்டுக்குப் பெரிய பொம்பிளை நான். நான் சொல்வதுதான் முறை. வண்டி உன்னுடையது. நீ வேலை செய்து வாங்குகிறாய். முதலில் ஏறுகிறவள் நீ. பின்னால் எவரும் வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான். எந்த வண்டி என்றாலும் சரி, பாலத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்து, உனக்குப் பிடித்ததை வாங்கு. மணிக்கட்டு வலிக்கும் என்றால் அதையும் நீயே யோசி. வலி உன்னுடையது.

நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். நாற்பது வருடம் போனவள்தான்.

சிவனம்மாள்


திண்டுக்கல்
26.9.2025, வெள்ளி

அப்பத்தா,

கறுப்பு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷோரூமில் காரணம் கேட்டார்கள். எங்கள் அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன். "வழக்கமா அப்பத்தாமாருக்குப் பிடிச்ச வண்டிதானேங்க இது" என்றான் அந்தப் பையன்.

அப்புறம் மூன்று நாள், மூன்று சாயங்காலம், அதே பாலம். சிவப்பை இன்னொரு தடவை, பாய் சொன்ன மூக்கில்லாத வண்டியை இரண்டு தடவை. சிவப்பை விட்டு இறங்கியபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்த வண்டி. ஆறு நாளும் வேடசந்தூர் போய்வரவேண்டியது நான். இன்னொன்றில் நிமிர்ந்து உட்காரலாம், ரோடு முழுக்கத் தெரிகிறது, நெரிசலில் இடுக்கில் நுழைந்து வரலாம். இஞ்சின் அதேதான். முறுக்கினால் அதே சீற்றம். நீலக் கலர். இதைச் சமாதானத்துக்கு எழுதவில்லை. வேண்டுமானால் வாசித்துப் பார், "நல்ல குடும்பம்" என்று எங்கேயும் எழுதவில்லை.

அமாவாசை கழியட்டும் என்று அம்மா சொன்னாள். புதன்கிழமைதான் எடுத்தேன். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்குப் போட்டிருக்கிற சேலை கார்டைக் கழற்றிவிடவா, லுக் போய்விடும் என்று பையன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். உனக்காக இல்லை. என் துப்பட்டாவுக்காக. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

பாய்தான் முதலில் சத்தம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாருக்கு. கிளட்ச மட்டும் ஒங்க தாத்தா மாதிரி பண்ணிராத" என்றார். நீ எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அது உன்னுடையது என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை நீ சொன்னபடி தனியாகப் போனேன். பின்னால் யாரும் இல்லை. கரூர் ரோட்டில் மில் பஸ்ஸைத் தாண்டினேன். ஜன்னல் பக்கமிருந்த பெண்கள் எல்லாம் கையை வெளியே நீட்டிக் கத்தினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். மில் கேட்டில் வாட்ச்மேன், "யாரு வண்டிம்மா?" என்றார். என்னுடையது என்றேன். அப்பாவுடையதா, அண்ணனுடையதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். மூன்று தடவையும் என்னுடையது என்றேன். சாயங்காலம் ஐந்தரைக்கு லேப்பை விட்டு இறங்கி, ஆறேகாலுக்கு வீட்டில் காபி குடித்தேன். அந்த பெஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இதை உடனே சொல்ல உனக்குத்தான் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ பஸ்ஸில் தனியாகப் போய் மாத்திரை வாங்கினாய் என்று சித்தப்பா சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இனிப்பு வாங்கினாயா? அதை மட்டும் எழுது.

இளவேனில்


முத்தனம்பட்டி
புரட்டாசி 13, திங்கட்கிழமை

இளவேனிலுக்கு,

வாங்கவில்லை. தனியாக நின்று தின்ன வெட்கமாக இருந்தது.

நீல வண்டியைப் பற்றி எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் வாசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சேலை கார்டு விஷயத்தில் நீ பொய் சொல்கிறாய். போகட்டும்.

படத்தைக் காமராஜ் போனில் காட்டினான். சீட்டு ஒரே துண்டுதான். ஆனாலும் பின்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் நான் ரோட்டில்தான் கிடப்பேன். "அதான் அன்னைக்கே சொன்னாள்ல, நீ பஸ்ஸுல போ ஆத்தா" என்று அவன் மறுபடியும் சிரித்தான். அவனுக்கு மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை.

ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தால் விழ மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. சனிக்கிழமை தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பம்புசெட்டுத் தொட்டிச் சுவரில் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். முதல் தடவை கால் ஏறவில்லை. கல்லைப் போட்டு ஏறினேன். உட்கார்ந்துவிட்டேன். இறங்குவதுதான் செத்த நேரம் பிடித்தது. முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. பரவாயில்லை. நேற்றும் ஏறினேன், இன்றைக்கும் ஏறினேன். இன்றைக்குக் கல் தேவைப்படவில்லை.

சேலையோடு அப்படி உட்கார்ந்தால் கெண்டைக்கால் தெரிகிறது. அதனால் டெய்லரிடம் போய் ஒரு பைஜாமா தைக்கக் கொடுத்தேன். அளவு எடுக்க ஆள் வரவில்லையா என்றான். இதோ நிற்கிறேனே, எடு என்றேன். டேப்பைக் கீழே போட்டுவிட்டான். வியாழக்கிழமை கிடைக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வா. எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொண்டு வா, கொண்டை போட்ட தலைக்குத் தக்கதாக. தெருவில் நான்கு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும். காமராஜ் பக்கத்தில் நிற்கக் கூடாது. என்னைத் தூக்கிவிட யாரும் வரக் கூடாது.

உன்னோடு பேச மாட்டேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஏறிக்கொள்வேன்.

சிவனம்மாள்